தலைப்பைத் தலைப்பென்று சொன்னவர்

ஞாயிற்றுக்கிழமை காலை சுங்குவார்சத்திரத்தில் வண்டிக்குப் பின் டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது வேலுவின் அழைப்பு வந்தது. வேலு எப்போதும் "சார், வேலு பேசறேன், ஃப்ரீயா கீறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அன்று கேட்கவில்லை. "சார், அக்கா பூட்டாங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "டீ கேட்டாங்க சார். அம்மா போட்டு எடுத்துக்கினு வர்றதுக்குள்ள..." என்று நிறுத்தினார். மெக்கானிக் நிமிர்ந்து பார்த்து, டியூபையும் மாற்றிவிடவா என்று கேட்டார். மாற்றச் சொன்னேன். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தச் செய்தியோடு அந்த டியூபும் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிள்ளைப்பாக்கம் திலகவதி அவர்கள் இப்போது இல்லை. அவரோடு ஏழு ஆண்டுகள் ஒரே அறையில் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் சிலர் இதைப் படிக்கலாம். தெரியாதவர்களும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் பக்கத்தில் கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், இரண்டுக்கும் வேண்டிய உதிரிப் பாகங்கள் செய்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். புத்தகமும் செய்தோம் என்பது பலருக்குத் தெரியாது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வெளிநாட்டுப் பதிப்பகங்கள் அச்சுப் புத்தகங்களின் கோப்புகளை அனுப்பும். கணினியிலும் கைபேசியிலும் படிக்கும்படி அவற்றை மின்னூலாக்கித் திருப்பி அனுப்புவோம். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பட்டம் முடித்த பெண்கள். பாதிப்பேர் உள்ளூர். மீதிப்பேர் தென்காசி, சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவர்கள். நானும் கோவில்பட்டிக்காரன்தான். தயாரிப்பு என் பொறுப்பு.

2008இல் திலகவதி நேர்முகத்துக்கு வந்தார். காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்து, சில வருடங்கள் ஊரில் டியூஷன் எடுத்தவர். அவர்கள் குடும்பத்து நிலம் தொழிற்பேட்டைக்குப் போயிருந்தது. எங்கள் முதலாளி, "உங்க ஊர்ல நெலம் குடுத்தவங்க வீட்டுக்கு கம்பெனியில வேலை தர்றாங்களாமே, அங்க போகலையா?" என்று கேட்டார். "எங்க வூட்ல ஒருத்தர் போனது போதும் சார்" என்றார் திலகவதி. அந்தப் பதிலின் பொருள் எங்களுக்கு மூன்று வருடம் கழித்துத்தான் புரிந்தது. அவராக விளக்கவும் இல்லை.

சேர்ந்த புதிதில் ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டார். திரையில் ஒரு புத்தகத்தின் உள்பக்கம் திறந்திருந்தது. மின்னூலில் நாம் படிக்கும் எழுத்துகளுக்குப் பின்னால், இது பத்தி, இது சாய்வெழுத்து, இது படம் என்று கணினிக்குச் சொல்லும் குறிகள் இருக்கும். அதைத்தான் திறந்து வைத்திருந்தார்.

"சார், இது தலைப்புதானே?"

"ஆமா."

"தலைப்புன்னு எங்கயாச்சும் எழுதிக்கீதா பாருங்க."

பார்த்தேன். பெரிய எழுத்து என்று ஒரு குறி. தடித்த எழுத்து என்று ஒன்று. நீல நிறம், நடுவில் வை, மேலே இடம் விடு, கீழே இடம் விடு என்று குறிக்குள் குறியாக அடுக்கியிருந்தது. இது தலைப்பு என்று மட்டும் எங்குமே இல்லை. நாங்கள் பயன்படுத்திய மென்பொருள் அச்சுப் பக்கத்தைப் பார்த்து அதன் தோற்றத்தை அப்படியே பிடித்துத் தந்திருந்தது. இரண்டு வருடமாக நானும் அதைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். எவரும் குறை சொன்னதில்லை.

"ஒரு ஆளுக்கு ஏழு சட்ட மாட்டி வுட்டுட்டு பேர் வெக்க மறந்த மாதிரி கீது சார்" என்றார்.

அத்தனை குறிகளையும் நீக்கினார். அந்த இடத்தில் முதல்நிலைத் தலைப்பு என்று சொல்லும் ஒரே ஒரு குறியைப் போட்டார். நிறமும் அளவும் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தனியாக ஓரிடத்தில், புத்தகம் முழுமைக்கும் ஒரே தடவை எழுதினார். திரையில் பார்த்தால் முன்பு இருந்தபடியேதான் இருந்தது. பிறகு பொருளடக்கத்துக்குப் போனார். அதை அப்போது பெண்கள் தனியாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். அத்தியாய எண் ஒரு வரி, பெயர் இன்னொரு வரி என்று ஒவ்வொரு அத்தியாயமும் இரண்டிரண்டாக விழும். உள்ளே ஒரு தலைப்பைத் திருத்தினால் பொருளடக்கத்தில் பழையதே நிற்கும்.

"பொருளடக்கத்த நாம எழுதவே கூடாது சார். தலைப்பெல்லாம் சரியா சொல்லிட்டா அதுவே எழுதிக்கும்" என்றார். சொன்னபடியே ஒரு விசையைத் தட்டினார். தலைப்புகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

அடுத்த மாதமே தரச் சோதனை அவர் கைக்குப் போனது. அவர் கையெழுத்தில்லாமல் எந்தப் புத்தகமும் வெளியே போகாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அதற்காகப் பின்னால் அவரே வருந்த வேண்டியிருந்தது.

திலகவதி இனிமையாகப் பேசுபவர் என்று நான் எழுதினால், அவரோடு வேலை செய்த பெண்கள் சிரிப்பார்கள். செல்வி என்று ஒரு பெண் தென்காசியிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருந்தாள். துணைத் தலைப்புகளுக்கெல்லாம் தலைப்புக் குறி போடாமல் எழுத்தைத் தடிமனாக்கிவிட்டு முடித்துவிடுவாள். வேலை சீக்கிரம் ஆகும். திலகவதி அவளுடைய கோப்பைத் திரும்பத் திரும்ப அனுப்பினார். கடைசியில் செல்வி அழுதுவிட்டாள்.

"நான் செஞ்சேம்லா மேடம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒண்ணுபோலத்தான இருக்கு? கண்ணுக்குச் சரியாத்தான இருக்கு?"

"கண்ணுக்கு இருக்கு" என்றார் திலகவதி. சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அவருக்குத் திமிர் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாமே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "மெதுவா சொன்னா மெதுவாதான் சார் செய்வாங்க" என்றார். ஆனால் மறுநாள் செல்வியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை அவளோடு சேர்ந்து செய்து முடித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. செல்வியும் எதிர்பார்க்கவில்லை. பிற்பாடு அந்த அறையில் திலகவதியோடு வாதம் செய்யத் துணிந்த ஒரே ஆள் செல்விதான்.

2011இல் எங்களுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. செவிலியர் படிப்புக்கான பாடநூல் வரிசை. எல்லாம் தடித்தடிப் புத்தகங்கள். இதைச் சரியாகச் செய்தால் அந்தப் பதிப்பகத்தின் வேலை வருடக்கணக்கில் வரும். தவறவிட்டால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று முதலாளி வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அப்படி ஆனால் பெண்கள் எங்கே போவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். கீழே சாலையில் கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டுதான் இருந்தன.

அவசரத்தில் முதலாளி பாதி வேலையை வெளியே ஒரு இடத்தில் கொடுத்து வாங்கிவிட்டார். வந்த கோப்புகளைத் திலகவதி திறந்து பார்த்தார். பழைய கதைதான். அத்தனையும் பெரிய எழுத்து, தடித்த எழுத்து. ஒரு தலைப்பும் இல்லை. கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

முதலாளி அறையில் நடந்த பேச்சின்போது நானும் இருந்தேன்.

"செக்கர் பாஸ் பண்ணிடுச்சில்ல?" என்றார் முதலாளி. பிழை இருக்கிறதா என்று பார்க்கும் மென்பொருளை அப்படித்தான் சொல்வோம்.

"பண்ணும் சார். குறியெல்லாம் ஒழுங்கா தொறந்து மூடிக்கீதான்னு மட்டும்தான் அது பாக்கும். தலைப்பு தலைப்பா கீதான்னு அதுக்குத் தெரியாது."

"படிக்கறவனுக்குத் தலைப்பு தெரியுதும்மா. அது போதாதா?"

"எல்லாருக்கும் தெரியல சார்."

"யாருக்குத் தெரியல?"

 திலகவதி, "நாளைக்கு ஒருத்தர கூட்டிக்கினு வரேன் சார். இந்தப் புத்தகத்துல மருந்து அளவு சொல்ற அத்தியாயத்த அவரு கண்டுபுடிச்சிட்டாருன்னா நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்" என்றார்.

"கண்டுபிடிச்சிட்டார்னா அப்படியே நீங்களும் வீட்டுக்குக் கெளம்பிடலாம்" என்றார் முதலாளி. கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் சொன்னார்.

மறுநாள் காலை படியேறி வந்தவரை அறையே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் இளைஞர், திலகவதியின் தோளில் ஒரு கையை வைத்து, இன்னொரு கையில் மடிக்கணினிப் பையோடு வந்தார். "என் தம்பி வேலு" என்று திலகவதி அறிமுகம் செய்தார்.

நிலத்துக்குப் பதிலாகக் கிடைத்த கம்பெனி வேலை வேலுவுக்குத்தான் கிடைத்திருந்தது. சேர்ந்த ஒரே வருடத்தில், வேலை நேரத்தில் ஒரு குழாய் பிடுங்கிக்கொண்டு அதிலிருந்த ரசாயனக் கரைசல் முகத்தில் அடித்ததில் இரண்டு கண்களும் போய்விட்டன. இதெல்லாம் திலகவதி எங்களிடம் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே நடந்தது. வேலு அதன்பின் கணினி பேசும் மென்பொருளைக் கற்றுக்கொண்டு, வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். திரையில் உள்ளதை அந்த மென்பொருள் குரலில் வாசித்துக்கொண்டே போகும். இதில் எதையும் திலகவதி எங்களிடம் சொன்னதே இல்லை.

வேலு மடிக்கணினியைத் திறந்து புத்தகத்தைப் போட்டார். "சார், நீங்க கண்ணால மேஞ்சிக்கினே போயி தலைப்பு வந்தா நிப்பீங்க. எனக்கு எச்னு ஒரு கீ. அத அழுத்துனா அடுத்த தலைப்புக்குத் தாவும்" என்று முதலாளிக்கு விளக்கினார். அழுத்தினார். அடுத்த தலைப்பு இல்லை என்று குரல் ஆங்கிலத்தில் சொன்னது. மறுபடி அழுத்தினார். இல்லை என்றது. அத்தனை பெரிய புத்தகத்தில் ஒரு தலைப்புக்கூட இல்லை.

"சரி, பொருளடக்கத்துல பாக்கலாம்" என்று அங்கே போனார். அச்சுப் புத்தகத்தில் அத்தியாயப் பெயருக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே வரிசையாகப் புள்ளிகள் இருக்குமல்லவா, அவையும் அப்படியே வந்திருந்தன. குரல் அத்தியாயத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் புள்ளி, புள்ளி, புள்ளி என்று சொல்லிக்கொண்டே போயிற்று. வேலு சிரித்துவிட்டார். "இன்னா சார், கோலம் போட்டுக்கினே போவுது!" பெண்களும் சிரித்தார்கள். செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

அத்தியாயத்தை வேலுவால் கண்டுபிடிக்க முடியவில்லை. முதலிலிருந்து கடைசிவரை முழுப் புத்தகத்தையும் கேட்டால்தான் முடியும். பிறகு திலகவதி தாம் திருத்தி வைத்திருந்த ஒரு புத்தகத்தைப் போட்டார். வேலு அந்த விசையைத் தட்டத் தட்ட அத்தியாயங்கள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தன. வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தினார்.

முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது சரி தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க. இது நர்ஸுங்க படிக்கற புத்தகம். கண்ணு தெரியாதவங்களா படிக்கப் போறாங்க?" என்றார். நியாயமான கேள்விதான் என்று எனக்கும் அப்போது தோன்றியது.

பதில் சொன்னவர் திலகவதி. "எங்க தம்பிக்குக் கண்ணு போவும்னு எங்களுக்கு மட்டும் முன்னாடியே தெரியுமா சார்?"

குரலை உயர்த்தவில்லை. முதலாளி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து, பதிப்பகத்திடம் வாரக் கடைசிவரை அவகாசம் கேட்கிறேன் என்றார். வீட்டுக்குப் போவது பற்றி யாரும் பேசவில்லை.

அந்த வாரம் திலகவதி வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். கோப்புகளில் அந்த மென்பொருள் தலைப்புகளுக்கு விதவிதமாகப் பெயர் வைத்திருந்தது. எழுத்தின் அளவு துளி மாறினாலும் புதுப்பெயர். அத்தனையையும் பார்த்து மலைத்துப்போனவன் நான். அவர் ஒவ்வொன்றாக அச்சுப் பக்கத்தோடு ஒப்பிட்டுவிட்டு, "இதுல மொத்தமே மூணு வகைதான் சார் கீது. அத்தியாயம், பிரிவு, உள்பிரிவு. மீதியெல்லாம் வேஷம்" என்றார். ஒரே வேஷத்தில் உள்ளவற்றையெல்லாம் ஒரே கட்டளையில் தேடி மாற்றினார். பெண்கள் ஆளுக்கொரு புத்தகமாகப் பிரித்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டை மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டோம். வெள்ளிக்கிழமை மாலை அத்தனையும் போய்ச் சேர்ந்தன.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வாரம் பதிப்பகத்திலிருந்து ஒரு புத்தகம் திரும்பி வந்தது. மருந்துகள் பற்றிய அதே புத்தகம். அதில் ஒவ்வொரு மருந்தின் பெயருக்கும் கீழே, பெரியவர்களுக்கான அளவு, குழந்தைகளுக்கான அளவு என்று உள்தலைப்புகள் உண்டு. மருந்தின் பெயரையும் அதன் உள்தலைப்புகளையும் திலகவதி ஒரே நிலையில் வைத்துவிட்டிருந்தார். பொருளடக்கத்தைத் திறந்தால் குழந்தைகளுக்கான அளவு என்ற வரி தனியாக நின்றது. எந்த மருந்துக்கு என்று அதில் தெரியவில்லை.

முதலாளி அதோடு வந்த மின்னஞ்சலை எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்தார். அவருக்கும் ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது போலும். திலகவதி எழுந்து நின்றார்.

"தப்பு என்னுதுதான் சார். எளிமையாக்கறேன்னு சொல்லிக்கினு எல்லாத்தையும் சமமாக்கிட்டேன்."

அவர் முகம் வெளுத்திருந்தது. பிறகு என்னிடம் தனியாக, "இத நம்பி எவளாச்சும் ஒரு கொழந்தைக்கு ஊசி போட்டிருந்தா இன்னா சார் ஆயிருக்கும்?" என்று கேட்டார். வெளிவரும் முன் கண்டுபிடித்துவிட்டார்களே என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. புத்தகத்தைத் தாமே வரிவரியாகத் திருத்திக் கொடுத்தார்.

அன்றிலிருந்து ஒரு புதுப் பழக்கம் வந்தது. எந்தப் புத்தகம் முடிந்தாலும் அதன் பொருளடக்கத்தை மட்டும் அவர் உரக்க வாசிப்பார். எதிரில் உட்கார்ந்திருப்பவர் புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. கேட்டு மட்டும், எது எதற்குக் கீழே வருகிறது என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் புத்தகம் திரும்பிப் போகும். ரசாயனம், வரலாறு, தோட்டக்கலை என்று எத்தனையோ பொருளடக்கங்களை இப்படி அவர் குரலில் கேட்டிருக்கிறேன். பல புத்தகங்களைப் பற்றி இன்றும் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பதிப்பகத்து வேலை எங்களிடமே தங்கியது. சில மாதங்கள் கழித்து அவர்கள் தங்களுக்கு வேலை செய்யும் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு வழிகாட்டுக் குறிப்பு அனுப்பினார்கள். தலைப்பு என்றால் தலைப்புக் குறி மட்டுமே, நிலை மாறக் கூடாது, பொருளடக்கம் தலைப்புகளிலிருந்துதான் உருவாக வேண்டும், புள்ளிகள் கூடாது. திலகவதி எங்கள் அறைக்கு எழுதிக் கொடுத்து, திருத்திய புத்தகத்தோடு பதிப்பகத்துக்கும் போயிருந்த விதிகள்தான் ஆங்கிலத்தில் திரும்பி வந்திருந்தன. யார் பெயரும் இல்லை. படித்துவிட்டு, "ஒரு தேங்க்ஸாச்சும் போட்டிருக்கலாம்ல சார் இவனுங்க?" என்றார். உண்மையாகவே கோபம்தான். சாயங்காலம் வரை யாரோடும் சரியாகப் பேசவில்லை.

வேலு வந்து போனபின் அந்த அறையில் ஒரு மாற்றம் ஏற்பட்டது. அதைத் தொடங்கியவள் செல்வி. "மேடம், உங்க தம்பி எந்தப் புத்தகத்த வச்சுப் படிக்காங்க?" என்று கேட்டாள். வேலுவின் நண்பர்கள் தேர்வுக்காக எழுதி வைத்த தமிழ்க் குறிப்புகள் கட்டுக்கட்டாக இருந்தன. அதை யாராவது வாசித்தால்தான் வேலு கேட்க முடியும். வீட்டில் வாசித்தவர் திலகவதி. செல்வி அதை வாங்கிக்கொண்டு போய் ஹாஸ்டலில் தோழிகளோடு பிரித்துத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். முதலாளி சனிக்கிழமை மதியங்களில் அலுவலகக் கணினிகளைத் தந்தார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். பாடம், பிரிவு, உள்பிரிவு என்று தலைப்புகள் வைத்துத் திலகவதி அதை நூலாக்கினார். தமிழை வாசிக்கும் குரல் அப்போது இரும்பை இழுத்துக்கொண்டு போவது போல இருக்கும். வேலு அதையே இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார். எங்கள் காதில் ஒரு சொல்லும் விழாது.

முதல் முறை வேலு தேறவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. அந்த நாட்களில் திலகவதியிடம் நாங்கள் எதுவும் கேட்கப் பயப்படுவோம். அதன் பிறகு எழுதிய தேர்வில் வேலு தேறினார். காஞ்சிபுரத்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலை கிடைத்தது. அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மதியம் அலுவலகம் வந்த திலகவதி கையில் மந்தாரை இலையில் கட்டிய கோயில் இட்லி இருந்தது. எல்லாருக்கும் துண்டு போட்டுக் கொடுத்தார். "இன்னா மொறச்சிக்கினு கீறீங்க, சாப்டுங்க" என்று அதட்டினார். அவர் கண்ணில் நீர் வந்ததை அந்த ஒரு நாள்தான் பார்த்தேன். மிளகுக் காரம் என்று சொல்லிக்கொண்டார்.

அதற்கு அடுத்த வருடம் அவருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்தது. வாரத்தில் சில நாள் சென்னைக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வர வேண்டும். வேலையை விடச் சொன்னோம். வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனார். இயந்திரத்தில் படுத்திருக்கும் நேரத்திலும் ஒரு கை சும்மாதானே இருக்கிறது என்பது அவர் கணக்கு.

இறப்பதற்குச் சில வாரம் முன் பிள்ளைப்பாக்கம் வீட்டுக்குப் போயிருந்தேன். மிகவும் மெலிந்திருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. ஆனால் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கிவிட்டார். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த ஒரு செவிலியப் பெண் கைபேசியில் பாடப் புத்தகம் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவர் சும்மா இருப்பாரா? கொடும்மா பார்க்கலாம் என்று வாங்கியிருக்கிறார்.

"நம்ம புத்தகம் இல்ல மாரியப்பன் சார். வேற எவனோ செஞ்சது. ஒரு தலைப்பு இல்ல, பொருளடக்கத்த தட்டுனா எங்கயோ கொண்டுபோயி வுடுது. எனக்கு பிபி எகிறிடுச்சி. மெஷினு கத்துது. அந்தப் பொண்ணு பயந்துபோயி டாக்டர கூட்டாந்துடுச்சி. டாக்டர் கேக்கறாரு, இன்னாம்மா பண்ணுதுன்னு. நான் இன்னான்னு சொல்றது?"

அவர் சிரித்தார். அவர் அம்மா உள்ளேயிருந்து வந்து, "இப்பிடித்தான் சார், இது சிரிச்சாலும் மூச்சு வாங்குது, திட்டுனாலும் மூச்சு வாங்குது" என்றார். கிளம்பும்போது திலகவதி, "அந்தப் பொண்ணு பேரு வாங்கி வெச்சிக்கீறேன் சார். நம்ம ஆபீஸ்ல செஞ்ச புத்தகம் எதுன்னு செல்வியாண்ட கேட்டு சொல்லுங்க. அத வாங்கிப் படிக்கட்டும்" என்றார். செல்வியிடம் கேட்டேன். அவள் சொன்ன பெயரைத் திலகவதிக்குச் செய்தியாக அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது. எங்களுக்குள் கடைசியாக நடந்த பேச்சு அதுதான்.

ஞாயிறு மாலை அவரை எடுத்தார்கள். அலுவலகத்துப் பெண்கள் அத்தனைபேரும் வந்திருந்தார்கள். வேலையை விட்டுத் திருமணமாகிப் போனவர்களில் சிலரும் வந்திருந்தார்கள். தெருக்கோடியில் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் கையை நீட்டி, "பொம்பளைங்க இத்தோட நின்னுடுங்கம்மா" என்றார். ஊர்ப் பெண்கள் நின்றார்கள். செல்வி நிற்கவில்லை. "நாங்க மேடங்கூட வேலை பாத்தவங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் நடந்தார்கள்.  பிரதான சாலையைக் கடக்கும்போது ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்று வழிவிட்டன.

சுடுகாடு இப்போது ஒரு தொழிற்சாலையின் மதில் ஓரமாக இருக்கிறது. யார் கொள்ளி வைப்பது என்று அங்கே ஒரு சின்னப் பேச்சு எழுந்தது. வேலுவுக்குக் கண் தெரியாது, சித்தப்பா மகன் வைக்கட்டும் என்றார் ஒருவர். "எங்க அக்காவுக்கு நான்தான் வெப்பேன்" என்றார் வேலு.  தோளில் குடத்தோடு சுற்றி வந்தார். கொள்ளிக்கட்டையை அவர் கையில் கொடுத்தார்கள். கூட்டிப்போகலாம் என்று நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"புடிக்க வேணாம் சார். தலமாடு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க."

"வலது பக்கம் வேலு. நேரா நாலு எட்டு."

அவர் தனியாக நடந்து போனார். குனிந்து, விரல் நுனியால் கட்டைகளின் விளிம்பைத் தொட்டுப் பார்த்து, சரியான இடத்தில் நின்றார்.

சென்று வாருங்கள் திலகவதி. உங்களோடு ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம் என்பது எங்களுக்குப் பெருமை.